ஃபைல் அக்காவின் பச்சை மை அட்டைகள்

இன்றைக்கு நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? ஓர் அரசு மருத்துவமனையின் அடித்தளத்தில், லட்சத்துக்கும் மேலான நோயாளிகளின் பழைய கோப்புகளுக்கு நடுவே பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் ஒருவரை. மேலே உள்ளவர்கள் அவரை ஃபைல் அக்கா என்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் தட்டச்சு செய்கிறேன். சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் போனது வேறு வேலைக்கு. அரசுப் பணியாளர்கள் தங்கள் வேலையில் திருப்தியாக இருக்கிறார்களா என்று கேட்கும் படிவத்தைப் பிரிவு பிரிவாகக் கொடுத்து, நிரப்பி வாங்கி வர வேண்டும். எல்லாம் முடிந்து ஒரே ஒரு படிவம் பாக்கி. அடித்தளத்துக்கு வழி கேட்டேன். சீட்டு கவுன்ட்டரில் இருந்தவர் சிரித்தார்.

"அங்க எதுக்குங்க இறங்கிக்கிட்டு? லிஃப்ட்ல போடுங்க. நிரப்பி மேல அனுப்பிடுவாங்க."

"நானே லிஃப்ட்ல போயிடறேனே."

"நீங்க போக முடியாது. அது ஃபைல் போற லிஃப்ட்."

காட்டினார். சுவரில் ஒரு சின்னக் கதவு. உள்ளே இரண்டடிக்கு இரண்டடி இரும்புப் பெட்டி. கோப்பு எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டு பொத்தானை அமுக்கினால் கீழே மணி அடிக்கும். கொஞ்ச நேரத்தில் கோப்பு மேலே வரும். எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடலாம். அவ்வளவுதான். அனுப்பியது யார் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

நான் படியில் இறங்கினேன். முப்பத்தாறு படிகள். கதவைத் திறந்ததும் மேசையில் இருந்தவர் பதறி எழுந்தார்.

"வழி தவறிட்டீங்களா? பிணவறை அந்தப் பக்கம்."

"இல்லைங்க, உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

"என்னையா?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பின்னால் அலமாரிதான் இருந்தது.

நாற்பத்து மூன்று வயது. காட்டன் புடவை, கையில் தூசிக்கு ஒரு பழைய கையுறை. முதல் நாலைந்து சொற்கள் கரகரவென்று வந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, "காலையிலேர்ந்து பேசல, அதான்," என்றார். அப்போது மணி பன்னிரண்டு.

அறையில் நூறு அலமாரிகள். 00 முதல் 99 வரை எண். இரண்டு மேசை, இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலியில், டிரைவர்கள் வண்டி இருக்கையில் போட்டுக்கொள்ளும் மரமணி விரிப்பு ஒன்று கிடந்தது. அதன் சொந்தக்காரர் இன்றைக்குக் கண் பரிசோதனைக்குப் போயிருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படிவத்தை நீட்டினேன். அக்கா ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். ஏழாவது கேள்வியில் நிமிர்ந்தார். "திருப்தி, திருப்தி இல்லை. ரெண்டுக்கும் நடுவுல கட்டம் கிடையாதா?" என்றார். "இல்லைங்க," என்றேன். "சரி, விடுங்க," என்று அதைக் காலியாக விட்டார். பதினொன்றாவது கேள்வி: உங்களுக்குப் பணியில் வழிகாட்டியாக இருந்தவரின் பெயரும் பதவியும். அதில் பேனாவை வைத்தார். பெயர் என்ற இடத்தில் 'பச்சை மை' என்று எழுதினார். பதவிக்கு ஒரு கோடு போட்டார்.

நான் விழிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

அக்கா வேலைக்குச் சேர்ந்த நாளில் இந்த அறையில் யாரும் இல்லை. முன்னால் இருந்தவர் ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. சாவியைக் கையில் கொடுத்து, "போங்க, பழகிடும்," என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதல் மணி அடித்தது. பெட்டிக்குள் ஆறு இலக்க எண் எழுதிய சீட்டு. எங்கே தேடுவது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நின்றவருக்கு முதல் அலமாரியில் செருகியிருந்த ஓர் அட்டை கண்ணில் பட்டது. பச்சை மையில், பெரிய பெரிய எழுத்தில்:

'புதுசா வந்தவங்களுக்கு. எல்லா இடத்திலயும் தும்பை விட்டு வாலைப் பிடிக்காதேன்னு சொல்வாங்க. இங்க வாலைத்தான் பிடிக்கணும். கடைசி ரெண்டு எண்தான் அலமாரி எண்.'

அதாவது 265413 என்றால் 26-இல் தேடக்கூடாது, 13-இல் தேட வேண்டும். முதல் எண்ணை வைத்து அடுக்கினால் புதுக் கோப்பெல்லாம் ஒரே மூலையில் குவிந்துவிடும். கடைசி எண் என்றால் நூறு அலமாரிக்கும் சமமாகப் பிரியும். அக்கா 13-க்குப் போனார். கோப்பு இருந்தது.

பிறகு அலமாரிக்கு அலமாரி அட்டைகள் கிடைத்தன. '36-ல மேல் தட்டு ஒழுகும். மழைக்கு முன்னாடி இறக்கிடு.' 'இது இரட்டைப் பிள்ளைங்க ஃபைல். ஒண்ணை எடுத்தா இன்னொண்ணையும் பாரு, மாறிப் போகும்.' 'மணி அடிச்சா ஓடாதே. மேல யாரும் ஓட்டப்பந்தயம் வைக்கல. முட்டி உன்னோடது.' அப்புறம் 71-ஆம் அலமாரியில் ஒன்று: 'ரெண்டு மணிக்கு இங்க கூரையோர ஜன்னல் வழியா வெயில் விழும். பத்து நிமிஷம்தான். வந்து நில்லு.'

"நின்னீங்களா?" என்றேன்.

"பன்னெண்டு வருஷமா நிக்கிறேன்."

எழுதியவர் யாரென்று தெரியாது. அக்காவே ஓர் ஆளை மனத்தில் செய்துகொண்டார். நெட்டையாக, கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஒரு பெரியவர். சில வருடம் கழித்து மேலே கேட்டுப் பார்த்தார். அதற்குள் எல்லாரும் மாற்றலாகிப் போயிருந்தார்கள், யாருக்கும் நினைவில்லை.

வீட்டில் பேசலாம் என்றால், கணவர் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலர். இவர் வரும் நேரம் அவர் கிளம்பும் நேரம். "எங்க குடும்பம் சாவி கொடுக்கல் வாங்கல்தான்," என்கிறார் அக்கா. வாசலில் சாவியை நீட்டும்போது கணவர் தினமும் ஒரு கேள்வி கேட்பாராம்: "இன்னைக்கு யாராவது பேசினாங்களா?" மகள் வெளியூர் விடுதியில் படிக்கிறாள். ஞாயிறன்று கூப்பிடுவாள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒருமுறை எட்டு நாள் தொடர்ந்து யாரும் கீழே வரவில்லை. எட்டாம் நாள் சாயங்காலம் அக்கா அந்த முதல் அட்டையை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். கணவரிடம் காட்டலாம் என்று. அவர் அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். காட்டவில்லை. திருப்பி வைக்கவும் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எல்லா அட்டைகளும் பைக்கு வந்துவிட்டன. மகளின் பழைய ஜியாமெட்ரி பெட்டிக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு, மத்தியானம் சாப்பிடும்போது ஒன்றிரண்டை எடுத்துப் படிப்பார். யாரோ தனக்கு எழுதிய கடிதம் மாதிரி.

இது நினைவிருக்கட்டும். பின்னால் வரும்.

ஆறு வருடமாக அக்கா ஒரே ஒரு மாற்றல் கேட்டுக்கொண்டிருந்தார். வேறெங்கும் இல்லை, மேலே புறநோயாளிச் சீட்டு கவுன்ட்டருக்கு. அங்கே காலையில் நானூறு பேர் வரிசையில் நிற்பார்கள். திட்டுவார்கள், தள்ளுவார்கள், "எவ்வளவு நேரம்மா?" என்று கத்துவார்கள். அந்த வேலையிலிருந்து தப்பிக்கத்தான் எல்லாரும் மனுப் போடுவார்கள். அதற்குப் போக மனுப் போட்டவர் இவர் ஒருவர்தான். "திட்டினாலும் பரவாயில்லைங்க. மூஞ்சியப் பாத்துத் திட்டுவாங்கல்ல?"

கீழே வர ஆளில்லாததால் தள்ளிக்கொண்டே போன மாற்றல், மூன்று மாதத்துக்கு முன்னால் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. இவர் இடத்துக்கு வருகிறவருக்கு ஒரு மாதம் வழிகாட்டியாக இருந்து, 'தனியாகப் பொறுப்பேற்கத் தகுதியானவர்' என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

வந்தவர் ஆம்புலன்ஸ் டிரைவர். ஐம்பத்தாறு வயது. பார்வை மங்கி, வண்டி ஓட்டக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று கொடுத்துப் பார்ப்போம், இல்லையென்றால் உடல்தகுதி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்ற நிலையில் அவரைக் கீழே அனுப்பியிருந்தார்கள். முப்பது வருடம் சைரன் போட்டுக்கொண்டு ஊரையே விலக்கி ஓட்டிய மனிதர், மரமணி விரிப்பைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்து நின்றார்.

"மேடம், இங்க பிரேக் எங்க, கிளட்ச் எங்கன்னு சொல்லிடுங்க."

"மேடம்னு கூப்பிட்டா வேற யாரோன்னு திரும்பிப் பாப்பேன் அண்ணே."

"நீங்க எனக்குக் கத்துக் குடுக்குற ஆளாச்சே."

"வயசுல மூத்தவரு நீங்க. தங்கச்சின்னே கூப்பிடுங்க."

வழிகாட்டி நிரப்ப வேண்டிய தாளில் பத்துக் கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் சொல்லிக் கொடுத்த பிறகு டிக் போட வேண்டும். நான்காவது கட்டம், 'கோப்பு அடுக்கும் முறை'. அக்கா முதல் வாரமே பத்துக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டார். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். சேர்ந்து வேலை பார்த்தார்கள். சீட்டு வந்தால் அக்கா எண்ணைப் பார்த்து, "பதிமூணுல பாருங்க அண்ணே," "அறுபதுல பாருங்க அண்ணே," என்று குரல் கொடுப்பார். அவர் போய் எடுத்து வருவார். தானாகத் தேட அவருக்குத் தேவையே வரவில்லை. இருபது நாள் எந்தக் குறையுமில்லை.

ஒரு புதன்கிழமை, கவுன்ட்டரில் வேலை பார்த்துப் பழகச் சொல்லி அக்காவை நாள் முழுக்க மேலே கூப்பிட்டுவிட்டார்கள். கீழே டிரைவர் மட்டும். கோப்பு கேட்டு வந்த சீட்டுகளில் அலமாரி எண்ணை அக்காவே மேலிருந்து எழுதிப் பெட்டியில் போட்டார். வார்டுகளிலிருந்து திரும்பி வந்த கோப்புகள் இரண்டு தள்ளுவண்டி நிறைய நின்றன. தங்கச்சி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவர் தனியாகவே அத்தனையையும் அடுக்கினார். நூற்றி நாற்பது கோப்பு.

வியாழன் காலை பத்து மணிக்கு மணி அடித்தது. சீட்டில் 482713. அறுவை சிகிச்சைப் பிரிவு, அவசரம். அக்கா 13-க்குப் போனார். இல்லை. மேலும் கீழும் பார்த்தார். இல்லை. திரும்ப மணி. இரண்டாவது சீட்டு: 'நோயாளி மேசையில். முன்பு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறது. எந்த மருந்து என்று கோப்பில்தான் இருக்கிறது.' மூன்றாவது மணி. சீட்டே இல்லை, வெறும் மணி.

"அப்பத்தான் அண்ணனைத் திரும்பிப் பாத்தேன். பாவம், அவர் முகத்துல ரத்தமே இல்ல."

"அண்ணே, நேத்து வந்த ஃபைலை எப்படி வச்சீங்க?"

"நம்பர் பாத்துத்தாம்மா வச்சேன். நாப்பத்தெட்டுல ஆரம்பிச்சா நாப்பத்தெட்டுல. அலமாரியில பெருசா எழுதியிருக்குல்ல?"

அக்கா 48-க்கு ஓடினார். முட்டி உன்னோடது என்பதையெல்லாம் மறந்து ஓடினார். இருந்தது. பெட்டியில் வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் பக்கத்தில் வந்து நின்றார். "கடைசி நம்பர்னு யாருமே சொல்லலையேம்மா. எங்கயாவது எழுதிப் போட்டிருந்தாக்கூட..."

எழுதித்தான் போட்டிருந்தது. முதல் அலமாரியில், உள்ளே வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில். அந்த அட்டை அக்காவின் கைப்பைக்குள் இருந்தது.

இதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை. நான்தான் படிவத்தைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். "யாரோ வரப்போற எல்லாருக்கும்னு எழுதி வச்சதை எனக்குன்னு எடுத்துக்கிட்டேன்," என்றார். "தனியா இருந்தா திருட்டுப் புத்திகூட வரும்போல."

அவர் ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்து டிரைவர் கையில் கொடுத்துவிட்டார். டிரைவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி முதல் அட்டையைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் சொன்னார்:

"அட, இது நம்ம லெட்டர் அம்மா எழுத்தாச்சே!"

"அம்மாவா?"

"ஆமாம். குள்ளமா இருப்பாங்க. குரல் மட்டும் கணீர்னு. நாங்க ஷெட்டுல சாப்பிட உக்காந்தா, டப்பாவைத் தூக்கிக்கிட்டு முப்பத்தாறு படி ஏறி வந்துடுவாங்க. கீழ பேச்சுத் துணைக்கு ஆளில்லப்பா, அட்டையில எழுதி வைக்கிறேன், பின்னாடி எவளாவது வந்து படிப்பான்னு சொல்வாங்க. நாங்க சிரிப்போம். அட்டைக்கு லெட்டர் போடுற அம்மான்னு பட்டப்பேரு வச்சது நான்தான்." அட்டையைத் திருப்பிப் பார்த்து, "சிரிச்சிருக்கக் கூடாது," என்றார்.

"இப்ப எங்க இருக்காங்க?"

"மக வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு கேள்வி. எந்த ஊருன்னு தெரியலையேம்மா."

நெட்டையான கண்ணாடிக்காரப் பெரியவர் அன்றைக்குக் காணாமல் போனார்.

மிச்சம் நூற்றி முப்பத்தொன்பது கோப்புகள் தப்பான இடத்தில் இருந்தன. எவை எவை என்று பட்டியல் கிடையாது. நூறு அலமாரியையும் இரண்டு பேரும் ஒவ்வொரு கோப்பின் முதுகிலும் உள்ள எண்ணாகப் பார்த்து வந்தார்கள். அப்போதுதான் அக்கா நான்காவது கட்டத்தை உண்மையிலேயே சொல்லிக் கொடுத்தார்.

"அண்ணே, உங்க வண்டி எது?"

"நாப்பத்தி ரெண்டு பதினெட்டு."

"முன்னாடி எழுத்தெல்லாம் இருக்குமே, அதைச் சொல்லலையே?"

"அதை யாரு சொல்லுவா? கடைசி நம்பர்தானே வண்டி!"

"ஃபைலும் அப்படித்தான்."

டிரைவர் அலமாரியில் தலையை முட்டிக்கொண்டார். "இதை மொத நாளே சொல்லியிருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டியிருப்பேனே தங்கச்சி!"

வெள்ளிக்கிழமை மாலைக்குள் கையெழுத்துத் தாளைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் திங்கள் முதல் கவுன்ட்டர், நானூறு முகங்கள். ஆனால் மூன்றில் ஒரு பங்கு அலமாரிகூடச் சரிபார்த்து முடியவில்லை. இரட்டையர் கோப்பு, ஒழுகும் தட்டு எதுவுமே அவருக்குத் தெரியாது. அக்கா தாளில் எழுதினார்: 'பயிற்சி முடியவில்லை. குறை வழிகாட்டியுடையது. மூன்று மாதம் வேண்டும்.' அதை லிஃப்ட்டில் போடாமல் தானே எடுத்துக்கொண்டு மேலே போனார்.

கண்காணிப்பாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது? ஊரே தகுதின்னு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புது. நீ ஆறு வருஷமா நச்சரிச்சு வாங்கின இடம்."

"தெரியும் சார்."

"கவுன்ட்டரைக் காலியாப் போட முடியாது. அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"தெரியும் சார்."

"அந்த டிரைவருக்கு வேலை ஏறலைன்னு ஒரு வரி எழுதிக் குடு. அவரை அனுப்பிட்டு வேற ஆள் போடறேன். நீயும் திங்கக்கிழமை மேல வந்துடு."

"பத்துக் கட்டத்துலயும் டிக் போட்டது நான் சார். அவர் இல்ல."

கவுன்ட்டர் இடம் வேறொருவருக்குப் போனது. என்னிடம் சிரித்து லிஃப்ட்டைக் காட்டினாரே, அவருக்குத்தான்.

சாயங்காலம் வாசலில் சாவியை நீட்டும்போது கணவர் கேட்டாராம்: "இன்னைக்கு யாராவது பேசினாங்களா?" அக்கா, "நான் பேசினேன்," என்றாராம். அவர் அன்று பத்து நிமிடம் தாமதமாகத்தான் வேலைக்குப் போனார்.

அட்டைகள் எல்லாம் இப்போது பழைய இடங்களில் இருக்கின்றன. நானே போய்ப் பார்த்தேன். முதல் அட்டையின் கீழே, பச்சை மைக்கு அடியில், நடுங்கும் எழுத்தில் நீல மையில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'வண்டி நம்பர் மாதிரி. – டிரைவர்.'

இரண்டாவது நாற்காலியில் ஆள் வந்துவிட்டார், இனித் தனிமை தீர்ந்தது என்று முடித்தால் எனக்கும் நன்றாக இருக்கும். கேட்டேன். அக்கா யோசித்துத்தான் பதில் சொன்னார். "அவரும் அதிகம் பேச மாட்டாரு. பக்கத்துல ஒரு இருமல் கேக்குது. போதும்போலவும் இருக்கு, போதாதுபோலவும் இருக்கு." அடுத்து எப்போது இடம் காலியாகும் என்று தெரியாது. ஏழாவது கேள்விக்கு நடுவில் ஏன் கட்டம் கேட்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. அக்கா சீட்டை எடுத்தார். எண்ணைப் படிக்கும் முன்னால் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெற்றுத் தாள். மறுபடி திருப்பி எண்ணைப் படித்துவிட்டு நடந்தார். நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் ஒன்பது சீட்டு வந்தது. ஒன்பதையும் திருப்பிப் பார்த்தார்.

ஏன் என்று கேட்டபோது, மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த ஒரு சீட்டைக் காட்டினார். 482713. அந்த வியாழக்கிழமை மாலை அது பெட்டியில் திரும்பி வந்திருக்கிறது. பின்பக்கத்தில் அறுவை சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர் எழுதியிருக்கிறார்: 'கிடைச்சுது. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. தாங்க்ஸ்.' பன்னிரண்டு வருடத்தில் மேலேயிருந்து வந்த ஒரே பதில் அது.

இரண்டு மணி ஆனதும் அக்கா 71-க்குப் போனார். நானும் போனேன். இரண்டு பேரும் பத்து நிமிடம் வெயிலில் நின்றோம்.

இதைப் படிக்கிறவர்களில் மருத்துவமனை, நூலகம், பதிவு அலுவலகம் என்று எங்கேயாவது வேலை செய்கிறவர்கள் இருப்பீர்கள். முகம் தெரியாத ஒருவர் உங்களுக்குக் கோப்பு எடுத்து அனுப்பிக்கொண்டிருப்பார். அவர் கண்ணில் படும்வரை இதைப் பகிருங்கள். நாளைக்கு உங்கள் கைக்கு ஒரு கோப்பு வந்தால், சீட்டைக் கசக்கிப் போடாதீர்கள். பின்பக்கத்தில் 'கிடைச்சுது' என்று ஒரு வார்த்தை எழுதிக் கீழே அனுப்புங்கள். படி இருந்தால் இறங்கியே போய்விடுங்கள். முப்பத்தாறு படிதான்.